மூன்று மணிக்குக் கரண்ட் போகும்

பாட்டு கேட்டுக் குறை சொல்வதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. நல்ல பெயர் என்று சொல்லிவிட முடியாது. "அவருகிட்ட பாட்டக் கொண்டு போனா தோல உரிச்சித் தொங்கப் போட்டிருவாரு" என்று பூதப்பாண்டியிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரைக்கும் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு உத்தியோகம் மேற்கே ஒரு துணைமின் நிலையத்தில். ஆபரேட்டர். வீடு பூதப்பாண்டிக்குப் பக்கம். கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கப் போனவன், அப்படியே ஒரு கானமேளாக் குழுவில் சேர்ந்து பத்து வருடம் திருவிழா மேடைகளில் கீபோர்டு வாசித்தேன். இரண்டாயிரத்து நான்கில் மேடையை விட்டேன். முதுகுவலி என்று ஊரில் சொன்னேன். உண்மையில், சுருதி சேராத பாடகர்களோடு சண்டை போட்டுப் போட்டு என்னை யாரும் கூப்பிடாமல் ஆகிவிட்டது.

மேடை போனதும் ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, வீட்டிலேயே பதிவு செய்துகொண்டு வருகிறவர்கள். முதலில் கல்ஃபிலிருந்து வந்த டேப் ரிக்கார்டரில் பிடித்த கேசட்டுகள். அப்புறம் சி.டி. அதற்கும் அப்புறம் நகத்தளவு மெமரி கார்டு, தொலைந்து போகாமலிருக்கக் காகிதத்தில் மடித்து, சட்டைப் பைக்குள் பத்திரமாக. மாதா பாட்டு, முருகன் பாட்டு, காதல் பாட்டு, தங்கச்சி கல்யாணத்துக்குப் பாட்டு. எல்லாரும் கேட்டது ஒன்றுதான். "எப்படி இருக்குன்னு சொல்லணும்."

நான் சொன்னேன். முகத்தில் அடித்த மாதிரித்தான் சொன்னேன். இரண்டாவது வரியில் சுருதி இறங்குகிறது, இந்த இடத்தில் மூச்சை வாங்கினால் சொல் உடைகிறது, பல்லவி சரணத்தைவிட நீளம், உனக்கு இந்தச் சுருதிக் கட்டை ஒத்து வராது. நல்ல இடங்களைச் சொல்வதில்லை. நல்லது தானாகத் தெரியும் என்பது அப்போது என் கட்சி.

மயிலாடியிலிருந்து சிலை செய்கிற ஒருவர் வருவார். அருமையான குரல். ஆனால் பாட்டுக்குப் பின்னால் கல் அறுக்கிற மெஷின் ஓயாமல் கத்தும். மூன்றாவது தடவையும் அதே சத்தத்தோடு கார்டைக் கொண்டு வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாட்டப் பிடிக்கியளா, பட்டறையப் பிடிக்கியளா?"

"நான் என்ன செய்ய அண்ணாச்சி? எங்க ஊர்ல மெஷின் நிக்கணும்னா ஒண்ணு எவனாவது சாவணும், இல்ல கரண்டு போவணும்."

அதிலிருந்துதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அது மின்வெட்டுக் காலம். பகலில் முறை வைத்துக் கரண்டை நிறுத்துவோம். கரண்ட் போனால் மெஷின் மட்டுமா நிற்கும்? ஃபேன், டிவி, மிக்சி, தண்ணீர் மோட்டார், டீக்கடை பாட்டு, எல்லாம் ஒரே அடியாக நின்றுவிடும். மொபைலில் சார்ஜ் இருந்தால் போதும். "கரண்டு போன உடனே பாடும். முதல் கால் மணி நேரம்தான் கணக்கு. அதுக்கப்புறம் காத்து வாங்க எல்லாவனும் வெளிய வந்து வாயத் திறந்திருவான்" என்றேன்.

அடுத்த கார்டில் அவர் குரல் மட்டும் இருந்தது. உளிச் சத்தம் எங்கோ தூரத்தில், பொறுத்துக்கொள்ளும்படி. அதன் பிறகு வந்தவர்கள் எல்லாருக்கும் இதையே சொன்னேன். எந்த ஊருக்கு எப்போது கரண்ட் போகும் என்பது என் கைவசம் இருந்த கணக்கு. போனில் கேட்பார்கள், நான் மணியைச் சொல்வேன். அவர்களுடைய ஸ்டுடியோவைத் திறந்து மூடுகிறவன் நான்தான் என்று எனக்கு ஒரு மிதப்பு.

அந்தப் பெண்ணின் பாட்டு என்னிடம் வந்ததும் இந்த வழியாகத்தான். எங்கள் நிலையத்து வயர்மேனுக்குத் தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அவன் தெருக்காரி. முப்பது வயதிருக்கும். பக்கத்து ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். புருஷன் மஸ்கட்டில் டிரைவர், மூன்று வருடமாக லீவு கிடைக்காதவன். அவர்கள் கோயிலில் ஆகஸ்டு மாதம் மாதா திருவிழா. ஒவ்வொரு வருடமும் கொடியேற்றத்து அன்றைக்குப் புதுசாக ஒரு பாட்டு வேண்டும். ஊர்க்காரர்கள் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். திருவிழாக் கமிட்டி கேட்டுத் தேர்ந்தெடுக்கும், பாடகர் குழு படித்துப் பாடும். அவள் மூன்று வருடமாகப் பாட்டுக் கொடுக்கிறாள், மூன்று வருடமும் திரும்பி வந்தது. வந்தவளுக்கு நம்ம மாதாவைப் பற்றி என்ன தெரியும் என்று அவள் மாமியாரே சொன்னதாக வயர்மேன் சொன்னான்.

அந்த வருடம் புருஷனுக்கு லீவு கிடைத்துவிட்டது. கொடியேற்றத்துக்கு ஊரில் இருப்பான். கமிட்டியும் ஒரு படி இறங்கி வந்திருந்தது. பாட்டுத் தெரிந்த வெளியாள் ஒருவர் சரி என்று எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வெளியாள் நான்.

அவளே ஒரு நாள் நிலையத்து கேட்டுக்கு வந்து நின்று கேட்டாள். "சாரே, எனக்குப் பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எங்க வீட்டுக்காரரு கோயில் முற்றத்துல நிக்கும்போ மைக்குல என் பாட்டு கேக்கணும். ஒருக்கா கேட்டா மதி."

முதல் பதிவைக் கேட்டேன். நல்ல பாட்டு. கடலில் போனவன் திரும்பி வரும்போது முதலில் கண்ணில் படுவது கோயில் கோபுரத்து விளக்கு என்பதை வைத்து எழுதியிருந்தாள். சொற்கள் எல்லாம் வீட்டில் பேசுகிற சொற்கள். ஆனால் மூன்றாவது சரணம் ஓட்டமாக ஓடியது.

"மூணாவது சரணத்துல ஒங்கள யாரோ துரத்துக மாதிரி இருக்கு. மறுபடியும் பாடிக் கொண்டாங்க. நிதானமா" என்றேன்.

"துரத்தத்தான் செய்யிது சாரே. எதிர்வீட்டுல ஐஸ் பொடிக்கிற மெஷினு. அது நிக்கிற நேரத்துல முதல் ரெண்டு தடவ தப்பிப் போச்சு. மூணாவது தடவ பாடும்போ வெளிய ஆளு கூடியாச்சு. அதான் ஓடினேன்."

"அது கேக்கிறவனுக்குத் தெரியாதுல்லா. பாட்டுல தெரியுறது ஓட்டம் மட்டுந்தான்."

அவள் முகம் சுருங்கியது. அந்தச் சரணத்தோடேயே நான் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். கமிட்டியில் எவனுக்கும் அந்த ஓட்டம் தெரிந்திருக்காது. ஆனால் என் பேர் என்னாவது? என் காதுக்குச் சரியாகப் படாததற்கு நான் கையெழுத்துப் போடுவதா? வீம்பு. வேறு பெயர் கிடையாது அதற்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கமிட்டிக்குக் கொடுத்தாக வேண்டும். அவள் கேட்டாள், "நாளைக்கு எப்பம் சாரே கரண்டு போவும்?"

"மூணு மணிக்கு. உறப்பா. மாறாது."

மறுநாள் வியாழக்கிழமை. எனக்குப் பகல் ஷிப்ட். ஆடிக் காற்று தென்னைகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் எல்லாம் பிய்த்துக்கொண்டு சுற்றுகிற காலம். இரண்டரை மணிக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது. காற்று மின்சாரம் தாராளமாக வருகிறது, இன்றைக்கு எங்கேயும் வெட்டு இல்லை. இந்தச் செய்தியைக் கேட்டால் ஊரே சந்தோஷப்படும். ஊர்களுக்கும் உடனே சொல்லிவிட்டார்கள். வயர்மேனுக்கே மூன்று பேர் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும், மூன்று மணிக்கு என்று அவளிடம் சொன்னது ஞாபகம் வந்தது.

அவளுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். பாடும்போது அழைப்பு வந்து பதிவைக் கெடுத்துவிடக் கூடாது என்று சிம்மைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடச் சொன்னதும் நான்தான். மூன்று ஆனது. கதவைச் சாத்திக்கொண்டு, மொபைலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஐஸ் மெஷின் நிற்பதற்காகக் காத்திருக்கும் அவள் என் கண்ணிலேயே நின்றாள். மூன்று ஐந்து. மூன்று பத்து. பழைய பதிவைக் கொடுக்கவும் அவளால் முடியாது, நான்தான் அதைக் குப்பை மாதிரிப் பேசி அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமையும் வெட்டு இருக்காது. காற்று விடுவதாக இல்லை.

அந்தக் கடற்கரை ஊர்களுக்குப் போகும் லைனின் சுவிட்ச், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து நாலு எட்டு. சிறு பழுது வந்து லைன் நின்று, ஐந்து பத்து நிமிடத்தில் மறுபடி போடுவது ஆடி மாதத்தில் தினப்படி நடப்பது. தென்னை ஓலை ஒன்று கம்பியில் உரசினால் போதும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். லாக் புத்தகத்தில் ஒரு வரி.

மூன்று பதினாலுக்கு நான் எழுந்து போய் அந்த லைனை நிறுத்தினேன்.

இருபது வருட உத்தியோகத்தில் உத்தரவில்லாமல் நான் அதைத் தொட்டதில்லை. உட்கார முடியாமல் நின்றுகொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். பாட்டு நாலு நிமிடம். ஒரு தடவை தப்பினால் எட்டு. மூச்சு விட்டுக்கொள்ள இரண்டு. பத்து நிமிடம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். ஐந்தாவது நிமிடத்தில் போன்கள் அடிக்க ஆரம்பித்தன. "லைன்ல பால்ட்டு, இப்ப வந்திரும்" என்று வாய் தானாகச் சொன்னது. பத்து ஆனதும், கடைசி வரியில் இருந்தால் என்ன செய்வது என்று இன்னும் ஒரு நிமிடம் பொறுத்தேன். பதினொன்றில் போட்டேன். லாக் புத்தகத்தில் "மரக்கிளை உரசல், தானாகச் சரியானது" என்று எழுதினேன். என் கையெழுத்து எனக்கே கோணலாகத் தெரிந்தது. ஆனால் மனதுக்குள் ஒரு குதூகலம் இருந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு பாட்டுக்காக ஒரு ஊரையே வாயடைக்க வைத்தவன் இந்த ஜில்லாவில் வேறு எவன் இருக்கிறான்?

வெள்ளிக்கிழமை காலையில் வயர்மேன் கார்டைக் கொண்டு வந்தான். "ராத்திரி எங்க வீட்டுல குடுத்துட்டுப் போனா சாரே. முழுசா பாட முடியல்லியாம். பாடின வர கேட்டு, நிதானம் சரியான்னு சொல்லுவியளாம்."

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

முதலில் கடல். மேற்குக் கடற்கரைப் பதிவுகளில் அது மட்டும் எந்தக் கரண்டுக்கும் நிற்காது. அப்புறம் அவள் குரல். நான் சொன்னபடியே, ஒவ்வொரு சொல்லையும் உட்கார வைத்து, அவசரமே இல்லாமல். பல்லவி முடிந்து முதல் சரணம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டாவது சரணத்தில் பின்னால் ஏதோ கேட்டது. என் காது அப்படிப்பட்டது, பின்னால் இருப்பதைத்தான் முதலில் பிடிக்கும். திருப்பிப் போட்டுக் கேட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து இருமல். சின்னப் பிள்ளையின் இருமல். இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் விசில் மாதிரி ஒரு இழுப்பு. பிறகு ஒரு பெண் குரல்: "மெஷினு நின்னு போச்சே! இண்ணு கரண்டு போவாதுன்னுல்லா சொன்னாவ!"

அவள் பாடிக்கொண்டிருந்த சொல்லின் நடுவில் நிறுத்தினாள். மொபைலை எதன் மேலோ வைக்கிற சத்தம். கதவு. ஓடுகிற கால்கள். பதிவு நிற்கவில்லை. ஆளில்லாத அறை, கடல், சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை. "ஆட்டோவ விளி! ஏட்டி, பிள்ள நீலிச்சுப் போச்சுதே, ஓடு!" என்று யாரோ அலறினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆட்டோ கிளம்பிப் போனது. அதற்கும் பிறகு ஐஸ் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

அந்த இடத்தில் கரண்டைப் போட்டது நான். ஆட்டோ போய் மூன்று நிமிடம் கழித்து.

ஹெட்போனைக் கழற்றினேன். வயர்மேனிடம் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன். பக்கத்து வீட்டில் நாலு வயசுப் பெண் குழந்தை, மூச்சு இழுப்பு உண்டு, அப்பன் கல்ஃபிலிருந்து வந்தபோது ஆவி பிடிக்கிற மெஷின் வாங்கி வந்திருந்தான் என்றான். கரண்ட் கட் நேரத்தைத் தவிர்த்துத்தான் எப்போதும் அதில் மருந்து வைப்பார்களாம். "நேத்து கட் இல்லன்னு சொன்னதுனால மூணு மணிக்கு மேல வச்சிருக்காவ சாரே. பாதியில லைன் போச்சு. மரக்கிளைக்கு நேரம் காலம் உண்டா?"

"பிள்ள?"

"ஆஸ்பத்திரியில இருக்கு. பொழச்சிடும்னு சொன்னாவ."

அன்று மதியம் வரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் செத்துப் பிழைத்தேன்.

இரண்டு மணிக்கு கேட்டில் அவள் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு பெண் பிள்ளை. பிள்ளையின் கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மற்றொரு கையில் பிஸ்கட். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறாள், தாய்க்காரி பஸ் நிறுத்தத்தில் மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்தாள். கேட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட்டைக் கடித்தது.

"கேட்டியளா சாரே?"

"கேட்டேன்."

"ரெண்டாவது சரணம் முடிக்கல்ல. அதுக்குள்ள இவ கிடந்து இழுக்க ஆரம்பிச்சிட்டா. இவ அம்மைக்கு ஒண்ணும் ஓடல்ல, நின்னு அழுது கரையா. நான்தான் தூக்கிட்டு ஓடினது. டாக்டரு சொன்னாரு, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா…" அவள் பிள்ளையின் தலையைத் தடவினாள். "ஒண்ணு யோசிச்சியளா சாரே? கரண்டு இருந்திருந்தா அந்த ஐஸ் மெஷினு ஒச்சையில எனக்கு ஒண்ணுமே கேட்டிருக்காது. கட் இல்லன்னு சொன்ன நாளுல, செரியா அந்த நேரம் பாத்து, மாதாதான் கரண்ட நிறுத்தியிருக்கா. எங்க ஊரு பூரா இதான் பேச்சு."

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். கரண்டை நிறுத்தியது மாதா இல்லை, நிறுத்தாமலிருந்தால் பிள்ளையின் மெஷினும் நின்றிருக்காது, உன் பாட்டில் ஒரு சரணம் ஓடுகிறது என்று நான் பிடித்த வீம்புக்கு இந்தப் பிள்ளையின் உயிர் போகப் பார்த்தது என்று. வாய் வரைக்கும் வந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை மாறிவிடும் என்று பயந்தேன். பூதப்பாண்டியிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரைக்கும் உள்ளதை உள்ளபடி சொல்கிறவன் என்று பெயர் வாங்கியவனுக்கு, நான்தான் கரண்டை நிறுத்தினேன் என்கிற மூன்று வார்த்தை வரவில்லை.

"பழைய பாட்டையே குடுத்திருங்க" என்றேன். சட்டைப் பையிலிருந்து காகிதம் எடுத்து, கேட்டுத் தூணில் வைத்து, பாடல் நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முந்தின நாள் லாக் புத்தகத்தில் போட்ட மாதிரியே அதுவும் கோணலாக விழுந்தது.

அவள் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். முகம் குழம்பியது.

"அந்த மூணாவது சரணம் சாரே? ஓடுது, துரத்துக மாதிரி இருக்குன்னியளே?"

"இல்ல. சரியாத்தான் இருக்கு."

"ஒரு குறையும் இல்லியா?"

"ஒரு குறையும் இல்ல."

"எனக்காண்டி பொய் சொல்லாதீங்க சாரே" என்றாள். "ஒங்ககிட்ட நான் கொண்டு வந்ததே, நீங்க பொய் சொல்ல மாட்டியள்னுதான்."

பிள்ளை கடித்து மிச்சம் வைத்திருந்த பிஸ்கட்டைக் கம்பி வழியாக என்னிடம் நீட்டியது. வாங்கிக்கொண்டேன்.